மலைக்கள்ளன் ஏன் கோவையில் பிறந்தான்?

1954-ல் கோயமுத்தூர் பட்சிராஜா ஸ்டுடியோவிலிருந்து ‘மலைக்கள்ளன்’ வெளிவந்தது. எம்.ஜி.ஆரும் பானுமதியும் நடித்த படம். மலையில் மறைந்து வாழும் ஒருவன், ஊரைக் கொள்ளையடிக்கும் கும்பலை எதிர்த்து நிற்கிறான். போலீஸ் அந்தக் கும்பலைப் பிடிக்கிறதோ இல்லையோ, அவனைத் தேடிக்கொண்டே இருக்கிறது. இந்த ஒரு வரிக் கதையைத் தமிழில் அப்புறம் எத்தனை நாயகர்கள் நடித்தார்கள் என்று கணக்கெடுக்கவே முடியாது.

சிறந்த தமிழ்ப் படத்துக்கான குடியரசுத் தலைவரின் வெள்ளிப் பதக்கம் அந்த ஆண்டு இதற்குத்தான் கிடைத்தது. தெலுங்கு, இந்தி, மலையாளம், கன்னடம், சிங்களம் என்று ஐந்து மொழிகளில் திரும்ப எடுக்கப்பட்டது. இவ்வளவு பெரிய படத்தை நாம் எம்.ஜி.ஆர். படம் என்று மட்டுமே நினைவில் வைத்திருக்கிறோம். அது கொங்கு நாட்டுப் படமும்கூட என்பதை யாரும் பேசுவதில்லை. கதை எழுதியவர் மோகனூரில் பிறந்தவர். படம் பிடித்த இடம் கோவை. அதற்குப் பிறகு இதே வகைப் படங்களை வரிசையாக எடுத்துத் தள்ளிய கம்பெனி இருந்தது சேலத்தில், ஏற்காடு சாலையில். கொங்கு நாட்டுக்கும் இந்தக் கதைக்கும் அப்படி என்ன ஒட்டு?

என் எண்ணத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த வகைப் படங்களில் நாயகன் எத்தனை பேரை அடிக்கிறான் என்பது பெரிய விஷயமில்லை. அவனுக்கும் போலீசுக்கும் என்ன உறவு என்று பாருங்கள். அந்த உறவு மாறும்போதெல்லாம், ஊருக்கும் அரசாங்கத்துக்கும் நடுவில் ஏதோ ஒன்று மாறியிருக்கிறது.

முதலில் கதை. விஜயபுரி என்று ஒரு ஊர். அங்கே அடிக்கடி கொள்ளை நடக்கிறது, ஆட்களைத் தூக்கிக்கொண்டு போகிறார்கள், கொலையும் நடக்கிறது. எல்லாப் பழியும் மலைக்கள்ளன் தலையில் விழுகிறது. மிச்சம் மீதி காத்தவராயன் என்ற இன்னொரு கொள்ளைக்காரன் கணக்கில் சேருகிறது. ஆனால் காத்தவராயனை ஆட்டுவிப்பவர்கள் யார்? ஊரின் பணக்கார இளைஞன் வீரராஜனும், குட்டிப்பட்டி ஜமீன்தாரும். பகலில் ஊருக்குப் பெரிய மனிதர்கள், ராத்திரியில் கொள்ளைக்கூட்டத்தின் முதலாளிகள். சொக்கேச முதலியாரின் மகள் பூங்கோதையை ஒரு நாள் ராத்திரி காத்தவராயனின் ஆட்கள் தூக்கிப்போகிறார்கள். மலைக்கள்ளன் அவளை மீட்டு, மலையில் தன் இடத்துக்குக் கொண்டுபோகிறான். அங்கே போன பிறகுதான், இத்தனை நாளும் ஊர் பயந்து நடுங்கிய ஆள் எப்படிப்பட்டவன் என்று அவளுக்குத் தெரிகிறது.

இதே நேரத்தில் ஊருக்குள் அப்துல் ரஹீம் என்ற பெரிய வியாபாரி வந்து போய்க்கொண்டிருக்கிறார். எல்லோருக்கும் அவர் மேல் மரியாதை. போலீசும் அவரிடம் மனம்விட்டுப் பேசும். அந்த ரஹீமும் மலைக்கள்ளனும் ஒரே ஆள்தான். கடைசியில் மூன்றாவது முகமும் வெளிப்படுகிறது. அவன் குமாரவீரன், சின்ன வயதில் காணாமல்போன பூங்கோதையின் முறைமாப்பிள்ளை.

இரண்டு வாழ்க்கை வாழும் நாயகன் உலகத்துக்குப் புதியவன் இல்லை. அமெரிக்காவில் சோரோ என்ற முகமூடி வீரனின் கதை 1919-லேயே வந்துவிட்டது, அடுத்த ஆண்டே படமும் ஆனது. அங்கே நாயகனின் பகல் வேஷம், சோம்பேறியான ஒரு பணக்காரப் பிள்ளை. வாளையே தூக்கத் தெரியாதவன் என்று ஊர் அவனை இளக்காரமாகப் பார்க்கும், அதனால் சந்தேகப்படாது. மலைக்கள்ளன் தேர்ந்தெடுத்த பகல் வேஷம் அதற்கு நேர் எதிர். அவன் ஊரே மதிக்கும் முஸ்லிம் வியாபாரியாக வருகிறான். நம்பிக்கைக்குரியவர் என்பதாலேயே யாரும் அவரைச் சந்தேகப்படுவதில்லை.

இதை நான் சும்மா கடந்துபோக மாட்டேன். பிரிவினை நடந்து ஏழே ஆண்டுகள் ஆகியிருந்த நேரம் அது. ஒரு ஊரில் எல்லோரும் தங்கள் ரகசியத்தை நம்பிச் சொல்லக்கூடிய ஆள் ஒரு முஸ்லிம் வியாபாரி என்று கதை சொல்கிறது. பார்க்கிறவர்களும் அதைத் துளிக்கூட விசித்திரமாக நினைக்கவில்லை. கொங்கு நாட்டுச் சந்தைகளில் ராவுத்தர்கள் தோல், துணி, மாடு, மளிகை என்று தலைமுறை தலைமுறையாக வியாபாரம் செய்தவர்கள். மாமன் மச்சான் என்று முறை சொல்லிக் கூப்பிடும் பழக்கம் ஊருக்கு ஊர் இருந்தது. அந்த உலகத்துக்குள் இருந்து எழுதியவருக்குத்தான் இப்படி ஒரு வேஷம் தோன்றும்.

எழுதியவர் நாமக்கல் கவிஞர் வெ. ராமலிங்கம் பிள்ளை. 1888-ல் மோகனூரில் பிறந்தவர். 1930-ல் ராஜாஜி தலைமையில் வேதாரண்யத்துக்கு உப்பு அள்ளப் போனவர்கள் பாடிக்கொண்டு நடந்தார்களே, கத்தியும் இல்லாமல் ரத்தமும் இல்லாமல் நடக்கும் யுத்தத்தைப் பற்றிய பாட்டு, அதை எழுதியவர் இவர்தான். பரம காந்தியவாதி, சிறைக்கும் போனவர். பிறகு சென்னை மாகாணத்தின் அரசவைக் கவிஞராகவும் ஆனார். அவருடைய நாவல்தான் மலைக்கள்ளன். கொள்ளைக்காரனை நாயகனாக வைத்து காந்தியவாதி நாவல் எழுதினாரா என்று கேட்டால், ஆமாம், அதுதான் இந்தக் கதையின் உயிர்நாடி.

இன்னொரு விஷயமும் இருக்கிறது. அவருடைய அப்பா மோகனூரில் போலீஸ் உத்தியோகம் பார்த்தவர். வெள்ளைக்காரன் காலத்துப் போலீஸ்காரர் வீட்டில் வளர்ந்த பிள்ளை, திருட்டையும் கொள்ளையையும் பற்றிய பேச்சைக் காதில் வாங்காமல் வளர்ந்திருக்க முடியாது. எந்தத் திருட்டுக்குப் பின்னால் எந்தப் பெரிய வீடு இருக்கிறது, எந்த வழக்கு ஸ்டேஷன் வாசலோடு நின்றுபோகும் என்பதெல்லாம் அப்படிப்பட்ட வீடுகளில் திண்ணைப் பேச்சு. மலைக்கள்ளனில் வரும் போலீஸ்காரர்களைப் பாருங்கள். கான்ஸ்டபிள் சிரிக்க வைக்கிறார், இன்ஸ்பெக்டர் குழம்புகிறார். ஆனால் அவர்கள் கெட்டவர்கள் இல்லை. ஊர்ப் பெரியவர்களின் வீட்டுக்குள் நுழைந்து தேட முடியாதவர்கள், அவ்வளவுதான். சட்டத்தின் மேல் எழுதியவருக்குக் கோபம் இல்லை, அது எட்டும் தூரம் குறைவு என்ற வருத்தம்தான் இருக்கிறது. போலீஸ்காரர் மகன் எழுதிய கதை என்று தெரிந்த பிறகு பார்த்தால் இது இன்னும் நன்றாகப் புரியும்.

காந்தியவாதம் எங்கே இருக்கிறது என்றால், மலைக்கள்ளன் சண்டை போடும் விதத்தில் இருக்கிறது. அவன் பெரும்பாலும் வேஷத்தாலும் தந்திரத்தாலும்தான் ஜெயிக்கிறான். பழிவாங்குவது அவன் வேலையில்லை. கெட்டவர்களின் முகமூடியை ஊரறியக் கழற்றுவதுதான் அவன் வேலை. மலையில் அவன் ஒரு கூட்டத்தையே வைத்துக் காப்பாற்றுகிறான். அங்கே இருப்பவர்கள் கொள்ளைக்கூட்டம் போலவே தெரியவில்லை, உழைத்துச் சாப்பிடும் குடும்பங்களாக இருக்கிறார்கள். காந்தி சொன்ன ஆசிரமம் மலை உச்சிக்குப் போனால் இப்படித்தான் இருக்கும்.

சரி, மண்ணுக்கு வருவோம். கொங்கு நாட்டில் பிள்ளைகள் முதலில் கேட்கும் வீரக் கதைகளில் ஒன்று தீரன் சின்னமலையுடையது. மைசூருக்குப் போய்க்கொண்டிருந்த கொங்கு நாட்டு வரிப்பணத்தை அவர் வழிமறித்துப் பிடுங்கினார். யார் பிடுங்கியது என்று கேட்டால் சென்னிமலைக்கும் சிவன்மலைக்கும் நடுவே இருக்கும் சின்னமலை பிடுங்கியது என்று சொல் என்றாராம். 1805 ஆடிப் பதினெட்டில் சங்ககிரிக் கோட்டையில் வெள்ளைக்காரர்கள் அவரைத் தூக்கிலிட்டார்கள். இன்றைக்கும் ஆடிப்பெருக்கன்று அங்கே கூட்டம் கூடுகிறது. அரசாங்கக் கணக்கில் வழிப்பறி, ஜனங்கள் கணக்கில் நியாயம். இந்த இரண்டு கணக்கும் இங்கே வெகுகாலமாகவே தனித்தனியாக எழுதப்பட்டு வந்தவை.

இன்னொரு பக்கம், திருடனுக்கும் காவல்காரனுக்கும் நடுவில் கோடு எப்போதும் அழுத்தமாக இருந்ததில்லை. பழைய தமிழ்க் கிராமங்களில் காவல் என்பது ஒரு உரிமை. காவல்காரருக்கு ஊர் தானியமோ பணமோ கொடுக்கும். திருடு போனால் பொருளை மீட்டுத் தருவதோ ஈடுகட்டுவதோ அவர் பொறுப்பு. பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் கிழக்கிந்தியக் கம்பெனி அரசாங்கம் இந்த முறையைச் சட்டப்படி ஒழித்துத் தன் போலீசைக் கொண்டுவந்தது. ஆனால் பழக்கம் அவ்வளவு சீக்கிரம் போகவில்லை. பல பகுதிகளில் துப்புக்கூலி என்ற வழக்கம் வெகுநாள் இருந்தது. ராத்திரி ஒருவரின் காளை காணாமல் போகும். அவர் ஸ்டேஷனுக்குப் போக மாட்டார், விவரம் தெரிந்த ஒரு ஆளிடம் போவார். மாட்டு விலையில் ஒரு பங்கு கைமாறும். இரண்டொரு நாளில், இன்ன பள்ளத்தில் இன்ன மரத்தடியில் போய்ப் பார் என்று சேதி வரும். காளை அங்கே கட்டியிருக்கும். யார் கட்டினார் என்று யாரும் கேட்கக் கூடாது.

விவரம் தெரிந்த அந்த ஆள் பெரும்பாலும் ஊரில் மதிப்பானவராகவே இருப்பார். மலைக்கள்ளன் கதையில் குட்டிப்பட்டி ஜமீனும் வீரராஜனும் செய்வது இதன் பெரிய வடிவம்தான். படம் பார்த்த கொங்கு நாட்டு விவசாயிக்கு இந்த வில்லன்களைப் புரியவைக்க எந்த விளக்கமும் வேண்டியதில்லை. வெளியிலிருந்து வரும் திருடனை விட, உள்ளூரில் கல்யாணத்துக்கும் காரியத்துக்கும் முன்வரிசையில் உட்காருகிறவன்தான் பயங்கரமானவன் என்று அவருக்கு நன்றாகவே தெரியும்.

கதை இருந்தால் மட்டும் போதுமா? அதை எடுக்கப் பணமும் கரண்ட்டும் வேண்டும். இந்த இடத்தில்தான் கொங்கு நாட்டுக்கு ஒரு தனி அதிர்ஷ்டம் இருந்தது. சாமிக்கண்ணு வின்சென்ட் என்ற கோவைக்காரர் 1905-லிருந்தே ஊர் ஊராகப் படம் காட்டிக்கொண்டிருந்தார். 1914-ல் அவர் கோவையில் கட்டிய வெரைட்டி ஹால், தென்னிந்தியாவின் முதல் நிரந்தரத் தியேட்டர்களில் ஒன்று. அந்தச் சாலைக்கு இன்னும் அந்தப் பெயர்தான். 1932-ல் நீலகிரியில் பைக்காரா மின்நிலையம் ஓடத் தொடங்கியது. மலிவான மின்சாரம் வந்ததும் கோவையைச் சுற்றிப் பஞ்சாலைகள் பெருகின. 1934-ல் மேட்டூர் அணை முடிந்தது. மில்லில் சேர்ந்த பணம், கையில் கிடைத்த மின்சாரம், படம் பார்த்துப் பழகிய ஜனங்கள் என்று மூன்றும் ஒரே ஊரில் சேர்ந்தன. 1930-களின் நடுவில் சிங்காநல்லூரில் சென்ட்ரல் ஸ்டுடியோஸ் எழுந்தது. சேலத்தில் திருச்செங்கோட்டு டி.ஆர். சுந்தரம் மாடர்ன் தியேட்டர்ஸைத் தொடங்கினார். அவரும் துணி வியாபாரக் குடும்பம், இங்கிலாந்துக்குப் போய் நெசவுத் தொழில்நுட்பம் படித்துவிட்டு வந்தவர். பிறகு ஸ்ரீராமுலு நாயுடுவின் பட்சிராஜா வந்தது. படம் எடுக்க மெட்ராஸுக்குத்தான் போக வேண்டும் என்ற நிலை இங்கே இல்லை. மெட்ராஸ் நடிகர்கள்தான் ரயிலேறி வந்தார்கள்.

எம்.ஜி.ஆரும் கருணாநிதியும் நெருங்கிப் பழகத் தொடங்கியது சென்ட்ரல் ஸ்டுடியோவில் ‘ராஜகுமாரி’ எடுத்த நாட்களில்தான். அந்தப் படம் வந்தது 1947-ல். ஏழு வருஷம் கழித்து மலைக்கள்ளனுக்கு வசனம் எழுதியவரும் கருணாநிதிதான். இந்தச் சேர்க்கையை யோசித்துப் பாருங்கள். கதை, ராஜாஜியின் மேல் பக்தி கொண்ட காங்கிரஸ் காந்தியவாதியுடையது. வசனம், ராஜாஜியின் கல்வித் திட்டத்தை எதிர்த்துத் தெருவில் இறங்கிப் போராடிய கட்சியின் இளம் தலைவருடையது. 1954 ஏப்ரலில் ராஜாஜி பதவி விலகிக் காமராஜர் முதலமைச்சரானார், குலக்கல்வித் திட்டம் கைவிடப்பட்டது. அதே ஆண்டில் வந்த இந்தப் படத்தில் எம்.ஜி.ஆர். குதிரைமேல் பாடிக்கொண்டு போகிறார். இன்னும் எவ்வளவு நாள் இந்த நாட்டில் ஏமாற்றுவார்கள் என்று கேட்கிறார், தெருவெல்லாம் பள்ளிக்கூடம் கட்டுவோம் என்கிறார். டி.எம். சௌந்தரராஜன் குரலில் அந்தப் பாட்டு தரை டிக்கெட்டில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு எப்படிக் கேட்டிருக்கும்! காட்டுக்குள் இருப்பவன் வாயிலிருந்து ஒரு அரசாங்கத்தின் திட்டம் வருகிறது. பின்னாளில் எம்.ஜி.ஆர். அரசியலில் எந்த முகத்தோடு நின்றாரோ, அந்த முகத்தின் முதல் தெளிவான படம் இதுதான் என்று நான் நினைக்கிறேன்.

பானுமதியைப் பற்றியும் சொல்ல வேண்டும். இந்த வகைக் கதைகளில் பெண்ணுக்கு இரண்டே வேலைதான்: கடத்தப்படுவது, காப்பாற்றப்படுவது. பூங்கோதைக்கும் அதுதான் எழுதியிருக்கிறது. ஆனால் பானுமதி நடிப்பால் பூங்கோதை தனக்கென்று ஒரு எண்ணம் உள்ளவளாக நிற்கிறாள். மலைக்கள்ளனைப் பற்றி ஊர் சொன்னதை மனதில் வைத்துக்கொண்டு போனவள், கண்ணால் பார்த்து, எடைபோட்டு, பிறகுதான் நம்புகிறாள். பார்க்கிற நாமும் அவள் கூடவே மனம் மாறுகிறோம். கொள்ளைக்காரன் நல்லவன் என்று நாயகனே சொல்லிக்கொண்டால் எடுபடாது. சந்தேகப்படுகிற ஒரு ஆள் சொல்ல வேண்டும்.

படத்தின் குறை என்று பார்த்தால், முடிவு எனக்கு நிறைவில்லை. அவன் யாரோ ஒரு ஏழை வீட்டுப் பிள்ளையாகவே இருந்துவிட்டால் என்ன? சொக்கேச முதலியாரின் சொந்தக்காரன், முறைப்பையன் என்று காட்டிய உடனே சிக்கல் எல்லாம் குடும்பத்துக்குள் அடங்கிவிடுகிறது. நல்ல குடும்பத்துப் பிள்ளை என்பதால் சட்டமும் அவனைச் சேர்த்துக்கொள்கிறது. ஆனால் அந்தக் காலத்தின் கட்டாயமும் புரிகிறது. சுதந்திரம் வந்து போலீஸ் நம்முடைய போலீஸ் ஆகிவிட்டது. சட்டத்துக்கு வெளியே நிற்பவன் அப்படியே நின்று ஜெயிப்பதை தணிக்கைக்காரர்களும் விரும்பியிருக்க மாட்டார்கள், ஜனங்களும் அன்றைக்கு அதைக் கேட்கவில்லை. மலையிலிருந்து இறங்கி வீட்டுக்கு வா என்பதுதான் 1954-ன் ஆசை.

இந்தக் கதை எல்லை தாண்டிப் போனது தனி அத்தியாயம். தெலுங்கில் என்.டி. ராமராவ், மலையாளத்தில் சத்யன், இந்தியில் திலீப்குமார். தெலுங்கு, இந்தி, மலையாளம், கன்னடம் நான்கையும் பட்சிராஜாவின் ஸ்ரீராமுலு நாயுடுவே இயக்கினார். இந்தி ‘ஆசாத்’ 1955-ல் வந்தது. பெரும்பாலும் சோகப் படங்களில் நடித்துக்கொண்டிருந்த திலீப்குமார் இதில் சிரித்து, வேஷம்போட்டு, வாள் சுழற்றினார். மீனாகுமாரியும் அவரும் படப்பிடிப்புக்குக் கோவைக்கு வந்தார்கள். பம்பாயில் எல்லா வசதியும் இருந்தும், இந்தி சினிமாவின் மிகப் பெரிய நடிகர் ஒருவர் இங்கே வந்து நடித்துக் கொடுத்த காலம் அது. கோவை சினிமா வரலாற்றில் இதற்கு இன்னும் பெரிய இடம் கொடுக்க வேண்டும்.

இப்போது சேலத்துக்குப் போகலாம். மாடர்ன் தியேட்டர்ஸ் நூற்றுக்கும் மேற்பட்ட படங்களை எடுத்த கம்பெனி. தமிழின் முதல் முழுநீள வண்ணப் படமான ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ 1956-ல் அங்கிருந்துதான் வந்தது. குற்றக் கதைகளிலும் அவர்களுக்குப் பழைய பழக்கம் உண்டு. வடுவூர் துரைசாமி ஐயங்காரின் துப்பறியும் நாவலான ‘திகம்பர சாமியார்’ 1950-லேயே அங்கே படமானது. பின்னாளில் வில்லனாகவே எல்லோருக்கும் தெரிந்த நம்பியார்தான் அதில் நாயகன். பல வேஷங்களில் வந்து குற்றவாளிகளை மடக்குவார். 1963-ல் சுந்தரம் காலமானார். சேலத்தில் எல்லோரும் அவரை முதலாளி என்றுதான் சொல்வார்கள். அவருக்குப் பின் மகன் ராமசுந்தரம் பொறுப்பேற்றார். ‘வல்லவன் ஒருவன்’ 1966-ல், ‘சி.ஐ.டி. சங்கர்’ 1970-ல் என்று ஜெய்சங்கரை வைத்து அடுத்தடுத்துப் படங்கள். தென்னகத்து ஜேம்ஸ்பாண்ட் என்று ஜனங்கள் அவருக்குப் பட்டம் கொடுத்தார்கள். ‘சி.ஐ.டி. சங்கர்’ படத்தில் நாயகியாக நடித்த சகுந்தலா சேலம் அரிசிப்பாளையத்துப் பெண். அந்தப் படத்துக்குப் பிறகு கடைசிவரை சி.ஐ.டி. சகுந்தலா என்றே அழைக்கப்பட்டார்.

இந்தப் படங்களில் என்ன நடந்தது? கும்பல் இருக்கிறது, பாஸ் இருக்கிறார், சுவர் திறந்தால் ரகசிய அறை இருக்கிறது. நாயகனும் தனியாள்தான், வேஷம் போடுகிறான், பொய்ப் பெயரில் கும்பலுக்குள் நுழைகிறான். எல்லாம் மலைக்கள்ளனின் சாமான்கள்தான். ஆனால் அவன் சட்டைப்பையில் அரசாங்க அடையாள அட்டை இருக்கிறது. அவன் செய்யும் அடிதடி, பூட்டு உடைப்பு, ஏமாற்று வேலை எல்லாவற்றுக்கும் மேலிடத்து அனுமதி இருக்கிறது. சட்டத்துக்கும் நியாயத்துக்கும் நடுவில் இருந்த இழுபறி மொத்தமாகக் காணாமல் போய்விட்டது.

எனக்கு இந்தப் படங்கள் பிடிக்கும். வேதாவின் இசை, எல்.ஆர். ஈஸ்வரியின் குரல், கறுப்பு வெள்ளையில் காரும் துப்பாக்கியும், எதிரே ஆர்.எஸ். மனோகரின் மிடுக்கு – இரண்டரை மணி நேரம் ஓடுவதே தெரியாது. ஆனால் வில்லன்களைக் கவனித்தால் ஒரு இழப்பு தெரிகிறது. கள்ளநோட்டு, வைரக் கடத்தல், தங்கக் கடத்தல் என்று எல்லாம் எங்கோ தூரத்தில் நடக்கும் குற்றங்கள். குட்டிப்பட்டி ஜமீன்தார் இல்லை, வீரராஜன் இல்லை. பக்கத்து வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்த வில்லன் யாருக்கும் தெரியாத தீவுக்கும் சுரங்கத்துக்கும் குடிபோய்விட்டான். சேலம் செவ்வாய்ப்பேட்டையில் கடை வைத்திருந்தவர் இந்தப் படங்களை ரசித்திருப்பார், ஆனால் தன் ஊரை அதில் பார்த்திருக்க மாட்டார்.

அந்த ஊர் திரும்பி வந்தது 1983-ல். ‘மலையூர் மம்பட்டியான்’, ராஜசேகர் இயக்கியது, தியாகராஜன் நடித்தது. சேலம் மாவட்டத்தின் மலைப்பகுதியில் உண்மையிலேயே வாழ்ந்த ஒரு கொள்ளைக்காரனின் வாழ்க்கையை வைத்து எடுத்த படம். மேட்டூர், கொளத்தூர்ப் பக்கம் போனால் பெரியவர்கள் அவனைப் பற்றி இன்னமும் கதை சொல்வார்கள். ஒருவர் அவனைத் தெய்வம் என்பார், பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கும் இன்னொருவர் கொலைகாரன் என்பார்.

மம்பட்டியானிடம் மூன்று முகம் கிடையாது. பகலில் மதிப்பான வியாபாரியாக வர அவனிடம் வியாபாரமும் இல்லை, மதிப்பும் இல்லை. காணாமல்போன பணக்காரப் பிள்ளை என்று கடைசியில் யாரும் வந்து சொல்லப் போவதில்லை. ஊரை நசுக்கும் பண்ணையாரை எதிர்த்துக் கத்தி எடுத்தான், காட்டுக்குப் போனான், திரும்பி வர வழியில்லை. போலீசோடு அவனுக்கு இருப்பது ஒரே உறவு, வேட்டை. கடைசியில் அவனுக்குச் சாவுதான். மலைக்கள்ளனில் மழுப்பிவிட்ட கேள்வியை இந்தப் படம் மழுப்பாமல் கேட்கிறது. ஏழைக்கு ஸ்டேஷன் கதவு திறக்காது என்றால் அவன் என்ன செய்வான்? நல்ல குடும்பத்தில் பிறக்காதவன் செய்த நியாயம் எந்தக் கணக்கில் சேரும்? இதே படம் அடுத்த ஆண்டு ரஜினிகாந்த் நடிக்க ‘கங்வா’ என்று இந்தியில் வந்தது. 2011-ல் தியாகராஜனே தன் மகன் பிரசாந்தை வைத்துத் திரும்ப எடுத்தார். ஆனாலும் முதல் படத்தின் மலையும் பாறையும் வறண்ட காடும் தந்த உறுத்தல் அப்புறம் வரவில்லை.

இரண்டு வருஷத்தில், 1985-ல், ‘நான் சிகப்பு மனிதன்’. கதை நகரத்துக்கு மாறிவிட்டது. எஸ்.ஏ. சந்திரசேகரன் இயக்கம், இந்திப் படம் ஒன்றைத் தழுவியது. பகலில் பாடம் நடத்தும் ஆசிரியர் ரஜினி, தங்கைக்கு நடந்த கொடுமைக்குப் பிறகு ராத்திரியில் குற்றவாளிகளைச் சுட்டுக் கொல்கிறார். ஊர் அவருக்கு ராபின்ஹுட் என்று பெயர் வைக்கிறது. மலைக்கள்ளனின் இரட்டை வாழ்க்கை திரும்ப வந்துவிட்டது, ஆனால் காந்தி போய்விட்டார். முகமூடியைக் கழற்றி ஊருக்குக் காட்டுவது இந்த நாயகனுக்குப் போதவில்லை, கொல்ல வேண்டியிருக்கிறது. முப்பது ஆண்டுகளில் சட்டத்தின் மேல் இருந்த பொறுமை எந்த அளவுக்குக் குறைந்திருக்கிறது என்று இந்த ஒரு மாற்றத்தில் தெரியும்.

படத்தில் கொங்கு நாடு கதைக்களமாக இல்லை, ஆனால் ஆட்களாக இருக்கிறது. கும்பலின் பக்கம் நிற்பவர் கோயமுத்தூர் சத்யராஜ், நாயகனாக ஆவதற்கு முந்தைய வில்லன் காலத்து சத்யராஜ். ராபின்ஹுட்டைத் தேடி வரும் சி.ஐ.டி. அதிகாரி, கோபிசெட்டிபாளையம் பக்கம் வெள்ளாங்கோயிலில் பிறந்த பாக்யராஜ். அவர் சத்தம் போடாமல், சிரித்த முகத்தோடு, சின்னச் சின்ன விவரங்களைப் பிடித்துக்கொண்டு நெருங்கி வருவார். ரஜினி படத்தில் ரஜினியையே பதறவைக்கிற ஆள் அவர்தான். மலைக்கள்ளனில் குழம்பிக்கொண்டிருந்த போலீஸ், மாடர்ன் தியேட்டர்ஸில் நாயகனே ஆன போலீஸ், மம்பட்டியானில் வேட்டைக்காரனான போலீஸ், இதில் நாயகனை விடக் கெட்டிக்காரனாக வருகிறது. தேடப்படுகிறவன் மேல் அவருக்கு மரியாதை இருக்கிறது, ஆனாலும் தேடுவதை நிறுத்த மாட்டார்.

நான்கு காலத்திலிருந்தும் ஒவ்வொரு படமாக வரிசையில் பாருங்கள் என்று இளையவர்களிடம் நான் சொல்வதுண்டு. பாட்டுக்கும் சண்டைக்கும் ஒரு தடவை பார்த்துவிட்டு, அடுத்த தடவை போலீஸ்காரர் வரும் காட்சிகளை மட்டும் கவனியுங்கள். அவர் யார் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நிற்கிறார், யார் வீட்டுக் கதவை உதைத்துக்கொண்டு உள்ளே போகிறார் என்று பாருங்கள்.